'காசு இல்லை' என்று அரசு சொன்னால்: சுகாதாரச் சட்டத்தைப் பொருளாதாரம், பொது நிதி வழியாகப் படிப்பது எப்படி?

#1 ஹோவர்ட்_மாணவி (டர்பன்)

எல்லாருக்கும் வணக்கம். எல்.எல்.பி. மூன்றாம் வருஷம். அடுத்த வருஷ ஆய்வுக் கட்டுரைக்குச் சுகாதார உரிமையை எடுக்கலாம் என்று இருக்கிறேன். தென்னாப்பிரிக்க அரசியல் சாசனத்தின் 27-ஆம் பிரிவு சுகாதாரச் சேவை பெறும் உரிமையைக் கொடுத்துவிட்டு, அடுத்த உட்பிரிவிலேயே 'கிடைக்கும் வளத்துக்குள்', 'படிப்படியாக' என்று இரண்டு கடிவாளம் போடுகிறது. வளம் எவ்வளவு, யார் எண்ணுவது, எண்ணியது சரியா என்று நீதிபதி எதை வைத்துப் பார்ப்பார்? பொருளாதாரம் எனக்கு மெட்ரிக்கோடு நின்றது. எதிலிருந்து தொடங்க: தீர்ப்பா, பொருளாதாரப் புத்தகமா, பட்ஜெட்டா?

#2 மாரிட்ஸ்பர்க்_கணக்கன் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

தங்கச்சி, புத்தகத்தைக் கடைசியில் வையுங்க. ஒரு தீர்ப்பை எடுத்து, அதிலுள்ள எண்களை மட்டும் தனித்தாளில் எழுதுங்க. எந்தத் தீர்ப்பு என்று கேட்கவே வேண்டாம்: 1997 நவம்பர் 27, சுப்ரமணி எதிர் குவாசூலு-நட்டால் சுகாதார அமைச்சர். (தீர்ப்புகள் கிடைக்கும் சஃப்லி தளத்தில் தேடும்போது எஸ் எழுத்துக்குப் பிறகு இரண்டு ஓ போடணும். இந்தியாவில் எழுதுகிற மாதிரி யூ போட்டால் அகப்படாது.)

அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் கேட்டு வழக்குப் போட்ட மனுதாரருக்கு வயது 41, வேலை இல்லை. சர்க்கரை, இதய நோய், 1996-ல் பக்கவாதம், அதே வருஷம் சிறுநீரகங்களும் மீளாதபடி கெட்டுவிட்டன. அடிங்டன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷின் 20, அதில் சில நல்ல நிலையில் இல்லை. ஒரு தடவைக்கு 4 மணி நேரம், பிறகு மெஷினைச் சுத்தம் செய்ய 2 மணி. வாரம் இரண்டு தடவை செய்தால் ஒருவருக்கு வருஷத்துக்குச் சுமார் 60,000 ரேண்ட். மாகாணச் சுகாதாரத் துறை 1996-97-ல் ஒதுக்கீட்டை 152 மில்லியன் ரேண்ட் தாண்டியிருந்தது. செலவைக் குறைக்காவிட்டால் நடப்பு வருஷம் 700 மில்லியன் தாண்டும் என்று சொன்னார்கள்.

இப்போது கணக்கு. 60,000-ஐ 104 தடவையால் வகுத்தால் ஒரு தடவைக்கு ஏறக்குறைய 577 ரேண்ட். ஒரு சுற்றுக்கு 6 மணி. நாளைக்கு இரண்டு சுற்று, வாரம் 6 நாள், 20 மெஷின் என்று வைத்தால் வாரத்துக்கு 240 தடவை. (இந்த 240 நான் போட்ட கணக்கு, தீர்ப்பில் தேடாதீங்க.) வாரம் இரண்டு தடவை என்றால் 120 பேர், மூன்று தடவை என்றால் 80 பேர். மருத்துவர் எழுதும் ஒரு எண் மாறினால் 40 பேருக்கு இடமில்லை. ஆக முதல் கேள்வி 'காசு இருக்கா' இல்லை. 'எது முதலில் தீர்கிறது' என்பதுதான். மெஷினா, நர்ஸா, வடிகட்டி வாங்கும் பணமா? ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் பதில் வேறே.

இடம் காலியாக இருந்தால் இன்னொருவரைச் சேர்க்கும் செலவு வடிகட்டியும் திரவமும்தான். நிரம்பிவிட்டால் புது மெஷின், புது நர்ஸ். இதுதான் இறுதிநிலைச் செலவு (மார்ஜினல் காஸ்ட்). பொருளாதாரம் படித்தவர் இந்த ஒரு ஆளின் செலவைப் பார்ப்பார். நீதிமன்றம் அப்படிப் பார்க்க முடியாது. இவருக்குக் கொடுத்தால் இவர் நிலையில் உள்ள எல்லாருக்கும் கொடுக்கணும், மற்ற நோய்க்காரர்களும் அதே வாதத்தோடு வருவார்கள். அதனால் 60,000-ஐத் தலையால் பெருக்கிப் பார்த்தார்கள். சட்டமும் பொருளாதாரமும் பிரிகிற இடம் இதுதான், இங்கே கொஞ்ச நாள் உட்காருங்க.

#3 வெருலம்_வக்கீல்

கணக்கன் அண்ணன் சொன்னதில் ஒரு பாதி விட்டுப்போச்சு. அந்த வழக்கில் அரசு ஜெயித்தது, ஆனால் வெறுமனே 'பணம் இல்லை' என்று சொல்லி அல்ல. ஆஸ்பத்திரியிடம் எழுதப்பட்ட விதிமுறை இருந்தது. குணமாகக்கூடிய திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு என்றால் நேரே டயாலிசிஸ். நாள்பட்டதாக இருந்தால், மாற்றுச் சிறுநீரகம் வைக்கத் தகுதியுள்ளவருக்குத்தான் முன்னுரிமை. இதய நோயும் ரத்தநாள நோயும் இருந்ததால் அவருக்கு அந்தத் தகுதி இல்லை. விதிமுறை நியாயமானது, நேர்மையாகவும் ஒரே மாதிரியாகவும் பிரயோகித்தார்கள் என்பதுதான் தீர்ப்பின் முதுகெலும்பு. விதிமுறையே இல்லாமல் டாக்டர் வாய்வார்த்தையாக மறுத்திருந்தால் கதை மாறியிருக்கும்.

அடுத்தது 27(3): அவசர சிகிச்சை யாருக்கும் மறுக்கக் கூடாது. இதில் 'கிடைக்கும் வளம்' என்ற சொல்லே இல்லை. மாணவர்கள் 27(2)-ஐயும் இதையும் கலந்து எழுதி மார்க்கை விடுகிறார்கள். வாரம் இரண்டு மூன்று தடவை, வாழ்நாள் முழுக்கத் தேவைப்படும் டயாலிசிஸ் 'அவசரம்' ஆகாது என்றது நீதிமன்றம். 2015-ல் ஓப்பல்ட் வழக்கை எடுத்து இதன் பக்கத்தில் வையுங்கள். ரக்பி ஆட்டத்தில் கழுத்தெலும்பு விலகிய இளைஞர்; நான்கு மணி நேரத்துக்குள் சரிசெய்திருக்க வேண்டும், செய்யவில்லை. அங்கே அரசு தோற்றது. ஒன்று வரிசையில் காத்திருப்பவரின் கேள்வி, மற்றது கடிகாரத்தின் கேள்வி.

பிறகு மூன்று தீர்ப்பு, இந்த வரிசையில்.

2002 ஜூலை 5, டி.ஏ.சி. (எச்.ஐ.வி. சிகிச்சைக்காகப் போராடும் அமைப்பு) வழக்கு. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதைத் தடுக்கும் நெவிரப்பின் மருந்தைக் கம்பெனி ஐந்து வருஷத்துக்கு இலவசமாகத் தர முன்வந்திருந்தது. அரசோ மாகாணத்துக்கு இரண்டு என்று சோதனை மையங்களில் மட்டும் கொடுத்தது. மருந்தின் விலை கணக்கிலிருந்து போனதும் 'வளம் இல்லை' என்ற வாதம் ஆலோசகர், பரிசோதனை, பால்மாவு என்று சுருங்கிவிட்டது. அந்த வசதியெல்லாம் ஏற்கெனவே இருக்கிற ஆஸ்பத்திரியிலும் ஏன் தடை என்ற கேள்விக்கு அரசிடம் பதில் இல்லை.

2004, கோசா வழக்கு. நிரந்தர வசிப்புரிமை பெற்ற வெளிநாட்டவருக்கும் சமூக உதவித்தொகை. கூடுதல் செலவு வருஷத்துக்கு 243 மில்லியனிலிருந்து 672 மில்லியன் வரை என்றது அரசு. தனியாகப் பார்த்தால் மலை. ஏற்கெனவே உதவித்தொகைக்குப் போகும் தொகையோடு ஒப்பிட்டால் 2 சதவீதத்துக்கும் கீழே. பின்னத்தில் அரசு மேல் எண்ணை மட்டும் சொன்னது, நீதிமன்றம் கீழ் எண்ணைக் கேட்டது.

2011, புளூ மூன்லைட். வீட்டு வழக்குதான், ஆனால் நம் விஷயத்துக்கு இதைவிட முக்கியமான வரி கிடையாது: திட்டமிட்டு ஒதுக்கியிருக்க வேண்டிய ஒன்றுக்கு, 'பட்ஜெட்டில் ஒதுக்கவில்லை' என்று நகராட்சி சொல்வது பதிலாகாது.

#4 சாட்ஸ்வர்த்_ராஜா

உசுருக்கு வெலை பேசுறதே தப்புங்க. இதுக்குப் போய் மார்ஜினல், டிஸ்கவுண்டுன்னு படிக்கணுமா? உரிமைன்னா உரிமை.

#5 லெனேசியா_அக்சுவரி

ராஜா அண்ணே, இந்த நாட்டு உயர் நீதிமன்றங்கள் வாரா வாரம் உயிருக்கும் காலுக்கும் கைக்கும் விலை போடுகின்றன. நஷ்டஈட்டு வழக்கு என்று பேர். நாம் பேசாவிட்டாலும் அந்த விலை போடப்படும், நமக்குப் புரியாது, அவ்வளவுதான்.

தங்கச்சிக்கு ஒரு பயிற்சி. பிரசவத்தில் நடந்த கவனக்குறைவால் மூளைவாதம் வந்த குழந்தை. சிகிச்சைக்கும் பராமரிப்புக்கும் இன்றைய விலையில் வருஷத்துக்கு 100,000 ரேண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பொதுச் சட்டப்படி (காமன் லா) நஷ்டஈடு ஒரே தடவையில், மொத்தமாக. அப்படியானால் வருங்காலச் செலவை இன்றைய தொகையாகச் சுருக்கணும். பணவீக்கத்தைக் கழித்த நிகரக் கழிவு வீதம் 2.5%, இன்னும் 30 வருஷம் உயிரோடிருப்பார் என்றால் பெருக்கும் எண் 20.93. தொகை 2.09 மில்லியன். வீதத்தை 1% ஆக்கினால் 25.81, அதாவது 2.58 மில்லியன். இப்போது வீதத்தைத் தொடாமல் ஆயுளை 15 வருஷமாகக் குறையுங்கள்: 12.38, வெறும் 1.24 மில்லியன்.

கழிவு வீதத்தைப் பற்றிப் பொருளாதாரப் பேராசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். கோர்ட்டில் உண்மையான சண்டை ஆயுட்காலத்தில்தான் நடக்கும். இரண்டு தரப்பு நிபுணரும் எதிரெதிர் எண்ணோடு வருவார்கள். குழாய் வழி உணவா, தலையைத் தூக்க முடிகிறதா, உருள முடிகிறதா என்ற மருத்துவக் குறிப்பு ஒவ்வொன்றும் மில்லியன் கணக்கில் மாற்றும். இதில் ஒரு கசப்பு இருக்கிறது. குழந்தை சீக்கிரம் இறக்கும் என்று நிரூபித்தால் அரசுக்கு லாபம்.

சம்பாத்திய இழப்புக்கு வேறு கழிவு: மிச்சமிருக்கும் உழைக்கும் வருஷத்துக்கு அரை சதவீதம் வீதம் 'எதிர்பாராத நிகழ்வு' என்று குறைப்பது வழக்கம். 20 வயதுக்காரர் 65 வரை என்றால் 22.5%. இது வழிகாட்டிதான், நீதிபதி ஏற்றலாம், இறக்கலாம். இதை மருத்துவச் செலவின் மேலும் கண்ணை மூடிக்கொண்டு போடுவது நான் அடிக்கடி பார்க்கும் தப்பு. சிகிச்சை தேவைப்படாமல் போகுமா என்பதும், வேலை போகுமா என்பதும் ஒரே ஆபத்தல்ல.

#6 ஹோவர்ட்_மாணவி

நன்றி அக்கா, 20.93-ஐ நானே போட்டுப் பார்த்துவிட்டேன், வருகிறது. ஒரு சந்தேகம். இந்த நஷ்டஈட்டுப் பணம் எங்கிருந்து போகிறது? தனி நிதியா, இன்ஷூரன்ஸா?

#7 மாரிட்ஸ்பர்க்_கணக்கன்

தனி நிதியும் இல்லை, இன்ஷூரன்ஸும் இல்லை. மாகாணச் சுகாதாரத் துறையின் சாதாரண ஒதுக்கீட்டிலிருந்துதான். எந்தக் கையுறையும் மருந்தும் வாங்கணுமோ அதே பணம். அதனால் பொது நிதிச் சட்டம் தெரியாமல் சுகாதாரச் சட்டம் பேச முடியாது. பணம் ஓடும் வாய்க்காலைச் சொல்கிறேன், நீளமாக இருக்கும்.

வரி எல்லாம் முதலில் தேசிய வருவாய் நிதியில் விழும் (சாசனம் 213). அங்கிருந்து 214-ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு வருஷமும் ஒரு வருவாய்ப் பகிர்வுச் சட்டம். மாகாணங்களுக்குள் பங்கு ஒரு சூத்திரப்படி: கல்வி 48%, சுகாதாரம் 27%, மக்கள் தொகை 16%, நிறுவனச் செலவு 5%, வறுமை 3%, பொருளாதார உற்பத்தி 1%. பகிர்வு மசோதாவின் டபிள்யூ1 இணைப்பில் விளக்கம் இருக்கும். முழு மசோதாவையும் விட அந்த இணைப்பு நூறு மடங்கு உபயோகம்.

இங்கேதான் பாதிப்பேர் சறுக்குவது. சூத்திரத்தில் சுகாதாரம் 27% என்பதால் மாகாணம் 27 சதவீதத்தைச் சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும் என்று சட்டம் இல்லை. சூத்திரம் பங்கைப் பிரிக்க மட்டும். வந்த பணத்தை எதில் போடுவது என்பது மாகாணச் சட்டமன்றத்தின் முடிவு. நிபந்தனை மானியங்கள் வேறு ஜாதி: எச்.ஐ.வி., உயர்நிலை சிகிச்சை, கட்டடம் என்று பேர் எழுதி வருபவை. அதை வேறெதிலும் போட முடியாது, செலவழிக்காமல் வைத்தால் அனுமதி வாங்கணும், இல்லாவிட்டால் திருப்பணும். 'வளம் இல்லை' என்று ஒரு பிரமாணப் பத்திரம் வந்தால் முதல் கேள்வி: எந்தப் பையில் இல்லை?

குவாசூலு-நட்டால் பட்ஜெட்டில் சுகாதாரம் 7-ஆம் ஒதுக்கீடு. உள்ளே 8 திட்டங்கள். ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை மாற்ற, 1999-ஆம் ஆண்டு பொது நிதி மேலாண்மைச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு வழி தருகிறது. எடுக்கும் திட்டத்துக்கு ஒதுக்கிய தொகையில் 8%-க்கு மேல் கூடாது. குறிப்பிட்ட ஒரு காரியத்துக்கென்றே ஒதுக்கியதைத் தொடக் கூடாது. மூலதனச் செலவை எடுத்து அன்றாடச் செலவில் போடக் கூடாது. ஆக 'கட்டடத்துக்குப் பணம் இருக்கே, நர்ஸுக்கு ஏன் இல்லை' என்ற வாதம் மேடையில் கைதட்டு வாங்கும். கோர்ட்டில் 43(4)-ல் இடித்துக்கொள்ளும். அதே சமயம் 8% வாசலை அரசு தட்டிப் பார்த்ததா என்று கேட்பது சரியான வாதம்.

அடுத்து பில்கள். அரசுத் துறைக் கணக்கு திருத்திய ரொக்க முறையில் எழுதப்படுகிறது. பணம் வெளியே போனால்தான் செலவு. நவம்பரில் வாங்கிய மருந்துக்கு மார்ச் 31 வரை பணம் கட்டாவிட்டால் அந்த வருஷச் செலவில் அது வராது; நிதி அறிக்கையின் பின்குறிப்பில் 'செலுத்த வேண்டியவை' என்று உட்கார்ந்திருக்கும். ஏப்ரல் 1-ல் புது ஒதுக்கீடு வந்ததும் முதல் மாசமே அதில் பழைய பாக்கி விழும். முகப்பு அட்டவணையில் 'ஒதுக்கீட்டுக்குள் செலவு' என்று சுத்தமாக இருக்கும். பின்குறிப்பைப் படிக்காதவர் ஏமாறுவார். பில் கிடைத்து 30 நாளில் கட்டணும் என்று கருவூல விதி 8.2.3 சொல்கிறது. தாமதத்துக்கு வட்டி கட்டினால் அது 'பயனற்ற, வீண் செலவு' என்ற தலைப்பில் தணிக்கையில் ஏறும்.

இன்னொன்று. செலவு மிஞ்சப் போகிறது என்று தெரிந்தால் துறையின் கணக்குப் பொறுப்பு அதிகாரி அமைச்சருக்கும் கருவூலத்துக்கும் எழுத்தில் சொல்லியாகணும் (அதே பொது நிதி மேலாண்மைச் சட்டம், பிரிவு 39). ஒவ்வொரு மாசமும் முடிந்து 15 நாளுக்குள் செலவு நிலவரமும் வருஷக் கடைசிக் கணிப்பும் அனுப்பணும் (40). அதாவது 'எதிர்பாராத தட்டுப்பாடு' என்று டிசம்பரில் பிரமாணம் கொடுத்தவர் மே மாசத்திலிருந்து என்ன எழுதிக்கொண்டிருந்தார் என்பதற்குக் காகிதம் இருக்கும்.

#8 வெருலம்_வக்கீல்

> அதே சாதாரண ஒதுக்கீட்டிலிருந்துதான்

இதை வைத்து 'நஷ்டஈடு கேட்பவன் மற்ற நோயாளியின் மருந்தைத் திருடுகிறான்' என்று ஒரு பேச்சு ஓடுகிறது. எனக்கு அது பிடிக்காது. கவனக்குறைவைக் குறைக்கும் செலவு யாருடையதோ, நஷ்டஈட்டின் சுமையும் அவரிடம் இருந்தால்தான் அவர் கவனமாக இருப்பார் என்பது சட்டப் பொருளாதாரத்தின் பாலபாடம். நம் குரூகர் எதிர் குட்ஸியா (1966) சோதனையும் அதுதான்: நியாயமான மனிதன் ஆபத்தை முன்னறிந்திருப்பானா, தடுக்க நடவடிக்கை எடுத்திருப்பானா, இவன் எடுக்கவில்லையா.

#9 மாரிட்ஸ்பர்க்_கணக்கன்

பாலபாடம் கம்பெனிக்குப் பொருந்தும் வக்கீலய்யா. கம்பெனி லாபத்திலிருந்து கட்டும், பங்குதாரர் கேள்வி கேட்பார். இங்கே தப்பு நடந்தது பிரசவ வார்டில், பணம் போவது துறையின் பொதுப் பையிலிருந்து, தீர்ப்பு வருவது ஏழெட்டு வருஷம் கழித்து. அந்த வார்டின் பொறுப்பாளருக்கு எந்த எண்ணும் கண்ணில் படாது. ஊக்கம் எங்கிருந்து வரும்?

#10 வெருலம்_வக்கீல்

அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பரிகாரம் நஷ்டஈட்டை வெட்டுவது அல்ல. கட்டும் விதத்தை மாற்றுவது. தங்கச்சி 2017 அக்டோபர் 31-ஆம் தேதி டி.இசட். தீர்ப்பைப் படிக்கணும். கௌதெங் சுகாதாரத் துறை 23 மில்லியன் ரேண்டுக்கு மேல் கட்ட வேண்டிய வழக்கு. பணமாக மொத்தமாகக் கொடுக்காமல், தேவைப்படும்போது சேவையாகவோ தவணையாகவோ தர அனுமதிக்கணும் என்று கேட்டார்கள். நீதிமன்றம் அந்த வழக்கில் மறுத்தது, கதவை மூடவில்லை: ஆதாரத்தோடு வா, பொதுச் சட்டத்தை வளர்க்கலாமா என்று பார்ப்போம்.

ஆதாரம் என்றால் என்ன என்பதுதான் கட்டுரைக்குத் தீனி. அரசு ஆஸ்பத்திரியில் அதே தரத்தில், தனியாரை விடக் குறைந்த செலவில் சிகிச்சை கிடைக்கும் என்றால் எந்த ஆஸ்பத்திரி, எத்தனை பிசியோதெரபிஸ்ட், சக்கர நாற்காலிக்கு எத்தனை மாசம் காத்திருப்பு, அந்தக் குழந்தையின் வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர், எல்லாம் சாட்சியாக வரணும். 'எங்களிடம் நல்ல ஆஸ்பத்திரிகள் உள்ளன' என்று ஒரு இயக்குநர் எழுதிய பத்தியை வைத்துக்கொண்டு யாரும் ஜெயிக்க முடியாது.

#11 ஃபீனிக்ஸ்_பார்மசி

மருந்து விலையை யாரும் தொடவில்லை. 2004-லிருந்து இங்கே ஒற்றை வெளியேற்று விலை. தயாரிப்பாளர் எல்லாருக்கும் ஒரே விலையில் விற்கணும், அதில் வாட்டும் விநியோகக் கட்டணமும் அடக்கம், தள்ளுபடி-போனஸ் கூடாது. அதற்கு மேல் மருந்துக்கடைக்கு வழங்கல் கட்டணம். முதலில் போட்ட விதி: 100 ரேண்டுக்குக் கீழே 26%, அதற்கு மேல் எவ்வளவு விலையானாலும் 26 ரேண்ட்.

பேப்பரில் அழகு. கணக்கில் பாருங்க. 1,000 ரேண்ட் மருந்துக்கு 26 ரேண்ட் என்றால் 2.6%. அதைக் குளிர்பெட்டியில் வைக்கணும், காலாவதியானால் நஷ்டம் கடைக்கு. நாளைக்கு 300 சீட்டு வரும் நகரக் கடை வாடகையையும் சம்பளத்தையும் 300-ஆல் வகுக்கும், 40 சீட்டு வரும் கிராமக் கடை 40-ஆல் வகுக்கும். நிலையான செலவு ஒன்றே, கட்டணமும் ஒன்றே, மூடுவது யார் என்று சொல்லத் தேவையில்லை. 2005 செப்டம்பர் 30 நியூ கிளிக்ஸ் தீர்ப்பில் விலைக் கட்டுப்பாடு செல்லும் என்றார்கள். ஆனால் அந்தக் கட்டணம் 'பொருத்தமானது' என்று சொல்ல முடியாது, மறுபடி யோசி என்று திருப்பினார்கள். தீர்ப்பு பயங்கர நீளம். கட்டணம் பற்றிய பகுதியை மட்டும் படித்தால் போதும், மற்றது நிர்வாகச் சட்டக்காரர்களுக்கு.

சொல்ல மறந்தேன்: அரிசி, பருப்புக்கு வாட் 0%. மாத்திரைக்கு 15%.

#12 டொங்காட்_வரி

பார்மசி அண்ணன் வாட்டைத் தொட்டதால் நானும் வருகிறேன். சுகாதாரக் கொள்கையை வரி வழியாகச் செய்ததற்கு நல்ல உதாரணம் சர்க்கரைப் பானத்தின் மேல் சுகாதார மேம்பாட்டு வரி. 2018 ஏப்ரல் 1-ல் வந்தது. 100 மில்லிக்கு முதல் 4 கிராம் சர்க்கரைக்கு வரி இல்லை, அதற்கு மேல் கிராமுக்கு 2.1 சென்ட், 2019-ல் 2.21 சென்ட். 330 மில்லி கேன், 100 மில்லிக்கு 10 கிராம் என்றால் வரி விழும் சர்க்கரை 19.8 கிராம், வரி ஏறக்குறைய 44 சென்ட். கம்பெனி சர்க்கரையை 5 கிராமுக்குக் குறைத்தால் 7 சென்ட். வாங்குபவர் மனம் மாறுவதற்கு முன்னாலேயே தயாரிப்பவர் கைப்பக்குவத்தை மாற்றிவிடுவார். சதவீத வரி போட்டிருந்தால் இது நடக்காது.

சட்டக் கேள்வி: அந்தப் பணம் சர்க்கரை நோயாளிக்குப் போகிறதா? இல்லை. 213-ஆம் பிரிவு, நேரே தேசிய வருவாய் நிதி. பெட்ரோலில் பிடிக்கும் சாலை விபத்து நிதி வரிக்குத் தனிச் சட்டம் விலக்கு தந்திருக்கிறது. பேரில் 'சுகாதாரம்' இருப்பதால் சுகாதாரத்துக்குப் போகும் என்று எழுதிவிடாதீர்கள்.

தேசியச் சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தையும் இதே கண்ணால் பாருங்கள். 2024 மே 15-ல் ஜனாதிபதி கையெழுத்து. 49-ஆம் பிரிவில் சம்பள வரி, வருமான வரிக்கு மேல்வரி, மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பு) வரிச் சலுகையைத் திருப்புவது என்று வழிகளின் பட்டியல் இருக்கிறது. பட்டியல்தான் இருக்கிறது, ஒரு சென்ட் வரியும் அந்தச் சட்டம் போடவில்லை, போடவும் முடியாது. வரி என்றால் சாசனம் 77-ன்படி பண மசோதா, நிதியமைச்சர் மட்டுமே கொண்டுவரலாம், வேறு விஷயம் அதில் கலக்கக் கூடாது. இது 76-ன் கீழ் வந்த சாதாரண மசோதா. ஆக உரிமையைத் தரும் சட்டமும் பணத்தைத் தரும் சட்டமும் இரண்டு வாசல்.

பண வாசலில் என்ன தகராறு வரும் என்பதை 2025 காட்டியது. வாட்டை மே 1 முதல் 15.5% ஆக்குவதாக மார்ச் 12 பட்ஜெட்டில் அறிவிப்பு. வாட் சட்டம் 7(4)-ன்படி அமைச்சர் பட்ஜெட் உரையில் அறிவித்தாலே விகிதம் மாறும், 12 மாதத்துக்குள் நாடாளுமன்றம் சட்டமாக்கினால் போதும். ஏப்ரல் 24-ல் வாபஸ் என்று சொன்னார்கள், 27-ல் மேற்கு கேப் உயர் நீதிமன்றம் உயர்வை நிறுத்தி வைத்தது, மூன்றாம் பட்ஜெட் மே 21. வரிச் சட்டம் படிக்கிறவர்களுக்கு அந்த 7(4) ஒரு பொக்கிஷம்: வரிபோடும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு என்றால், அமைச்சர் வாயால் 12 மாசம் வரி வசூலிப்பது எப்படி?

#13 சாட்ஸ்வர்த்_ராஜா

சரி, ஒத்துக்கிறேன், கணக்கு வேணும்தான். அப்ப ஒண்ணு சொல்லுங்க. 58 வயசுல முதல்முறையா மெடிக்கல் எய்ட் சேரப் போனா 50% கூடக் கேக்குறாங்களே, இது சட்டமா கொள்ளையா?

#14 லெனேசியா_அக்சுவரி

சட்டம்தான். 1998 மெடிக்கல் ஸ்கீம் சட்டம் யாரையும் மறுக்கக் கூடாது, நோயைப் பார்த்து விலை வைக்கக் கூடாது என்றது. ஆனால் எல்லாரும் சேரணும் என்று கட்டாயப்படுத்தவில்லை. அப்போது ஆரோக்கியமான இளைஞர் வெளியே இருப்பார், நோய் வந்ததும் உள்ளே வருவார். பாதகத் தேர்வு என்பது இதுதான். அதைத் தடுக்கத் தாமதச் சேர்க்கை அபராதம்: 35 வயதுக்குப் பிறகு காப்பு இல்லாத வருஷங்கள் 1-4 என்றால் 5%, 5-14 என்றால் 25%, 15-24 என்றால் 50%, 25-க்கு மேல் 75%. 58-ல் 35 போனால் 23. அதனால் 50%. முன்பு எப்போதாவது வேறு ஸ்கீமில் இருந்திருந்தால் அந்த வருஷங்களைக் கழிப்பார்கள், பழைய சான்றிதழைத் தேடி எடுங்கள். இதோடு 3 மாசப் பொதுக் காத்திருப்பு, இருக்கும் நோய்க்கு 12 மாசம் வரை.

#15 ஹோவர்ட்_மாணவி

தலைப்பை இப்படி வைக்கலாமா: 'கட்டப்படாத பில்களும் கிடைக்கும் வளமும்: 27(2) வழக்கில் மாகாணத் துறையின் நிதி அறிக்கையை ஆதாரமாகப் படித்தல்'. ஐந்து வருஷ அறிக்கை எடுக்க நினைக்கிறேன். எங்கே தப்புவேன்?

#16 மாரிட்ஸ்பர்க்_கணக்கன்

நல்ல தலைப்பு. தப்பும் இடங்கள்: பிப்ரவரி-மார்ச்சில் வரும் முதல் பட்ஜெட்டை ஒரு வருஷத்துக்கும், நவம்பர் திருத்திய பட்ஜெட்டை இன்னொரு வருஷத்துக்கும் எடுத்து ஒப்பிடுவது. பணவீக்கத்தைக் கழிக்காமல் 'ஒதுக்கீடு கூடியது' என்று எழுதுவது. சம்பள உயர்வைத் தனியே பிரிக்காதது. சம்பளம்தான் பெரிய செலவுத் தலைப்பு, அது ஏறினால் மருந்துக்கும் பராமரிப்புக்கும் உள்ளது சுருங்கும், மொத்த எண்ணில் அது தெரியாது. பிறகு, பாக்கியை ரேண்டில் மட்டும் சொல்லாமல், 'பொருள், சேவை' என்ற செலவுத் தலைப்பின் எத்தனை மாசச் செலவுக்குச் சமம் என்று போடுங்க. நீதிபதிக்கு மில்லியன் உறைக்காது, மாசம் உறைக்கும்.

#17 வெருலம்_வக்கீல்

வருடாந்தர அறிக்கை பொதுவில் கிடைக்கும். மாதாந்தர 40-ஆம் பிரிவு அறிக்கைகளுக்குத் தகவல் பெறும் சட்டத்தின் (2000) கீழ் படிவம் 2 போடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் மறுப்பு என்று பொருள், அதிலிருந்து 60 நாளுக்குள் உள் முறையீடு. 'எல்லா அறிக்கைகளும்' என்று கேட்டால் அதையே சாக்காக வைத்து மறுப்பார்கள். மாசத்தைப் பேர் சொல்லிக் கேளுங்கள்.

#18 ஹோவர்ட்_மாணவி

எந்த மாசங்கள் ஐயா?

#19 மாரிட்ஸ்பர்க்_கணக்கன்

அவருக்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன். அக்டோபர், திருத்திய பட்ஜெட்டுக்கு முன் துறை என்ன கணித்தது என்று பார்க்க. ஜனவரி, அந்தக் கணிப்பு எப்போது உடைந்தது என்று பார்க்க. மார்ச். அதோடு கட்டாயமாக அடுத்த ஏப்ரல். மார்ச்சில் பிடித்து வைத்த பில் எல்லாம் அங்கேதான் வெளியே வரும்.